அப்பா பெயரில் ஒரு துடிப்பு

பாயைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டு, பீரோவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான், நேற்று ராத்திரிதான் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த அன்பரசன். அகப்பட்டதெல்லாம் ஒரு பல்லுப்போன சீப்பும் எலி கடித்த தேங்காய்ச் சில்லும்தான். வெளியே பந்தலில் மேளக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ரெண்டு மணிக்கு எடுத்துவிட வேண்டும் என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். இப்போதே பன்னிரண்டரை. செத்துப்போன அப்பா பூபாலனின் ஸ்மார்ட் வாட்ச்சைத்தான் காணவில்லை.

“வூட்லதான் எங்கனா கீது,” என்று முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தான். “அத்த அவுரு கையில கட்டித்தான் குழியில வைக்கணும். ஊருக்கே காட்டினு திரிஞ்ச மனுசன். வெறுங்கையோட அனுப்ப சொல்றியா?”

வாசற்படியில் நின்றிருந்த தங்கை நிவேதா உள்ளே வரவில்லை. அவளுடைய போனைத் திரை தெரியாதபடி கவிழ்த்துப் பிடித்திருந்தாள். நேற்று சாயங்காலம் செய்தி கேட்டதிலிருந்து அதில் வாட்ச்சுக்கான ஆப்பை மட்டும் அவள் திறக்கவே இல்லை. திறக்கப் பயம்.

வாட்ச் அவள் வாங்கிக் கொடுத்தது. பங்குனியில் வேலூர் டாக்டர் அப்பாவின் நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்து, இதயம் தளர்ந்திருக்கிறது, மேடேறக் கூடாது என்று சொன்னார். மறு வாரமே அவள் அதை வாங்கிவந்து அவர் கையில் கட்டினாள். வாட்ச்சை அப்பாவின் போனோடு சேர்த்தாள், அப்பாவின் போனைத் தன் போனோடு சேர்த்தாள். துடிப்பு ஏறினாலும் இறங்கினாலும் வேலூரில் அவள் கையில் மணி அடிக்கும். இந்தக் கதை சொந்தபந்தம் மொத்தத்துக்கும் தெரியும். அதனால்தான் நேற்று அவள் வந்து இறங்கியதும் அப்பாவின் அக்கா பச்சையம்மா கட்டிப்பிடித்து அழுது முடித்த கையோடு கேட்டாள்: “ஏம்மா, உன் போனுக்கு ஒண்ணும் வர்லியா?”

“இல்ல அத்தை,” என்றாள் நிவேதா.

மணி அடிக்கவில்லை என்பது நிஜம். அடிக்காமல் செய்தது அவள்தான்.

அந்த வீட்டில் போன் என்பது ஜன்னலோடு குடித்தனம் நடத்தும் ஒரு சாமான். மலை மறைப்பதால் அடுப்படி ஜன்னலில் மட்டும்தான் டவர் எட்டிப்பார்க்கும். ஜன்னல் கட்டையில் ஒரு கொட்டாங்குச்சி, அதில் போன் மல்லாந்து கிடக்கும். அப்பா அதை அங்கேயே விட்டுவிட்டு வாட்ச்சோடு மேட்டுக் கொல்லை நிலத்துக்குப் போவார். அவர் புளியமரத்தைத் தாண்டியதும் நிவேதாவின் போன் கத்தும்: தொடர்பு துண்டிக்கப்பட்டது. தண்ணீர் குடிக்கத் திரும்பி வருவார்: இணைக்கப்பட்டது. மண்வெட்டியை மறந்துவிட்டேன் என்று வருவார், பீடிக்கு நெருப்புப்பெட்டி என்று வருவார், அதற்கும் ஒரு கத்தல். அவள் வேலை பார்த்த கூரியர் ஆபீசிலோ பார்சல் எங்கே என்று கேட்பவர்களின் போனே ஓய்வதில்லை. மேனேஜர் ஒரு நாள், “உங்கப்பா வர்றதும் போறதும் எங்களுக்கு எதுக்கும்மா தெரியணும்?” என்று கேட்டார். அன்றைக்கே அந்த ஒரு ஆப்புக்கு மட்டும் சத்தத்தை அடைத்தாள். ராத்திரி ராத்திரி திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். கொஞ்ச நாள் பார்க்கவும் செய்தாள். அப்புறம் வாரத்துக்கு ஒரு தரம் ஆனது. ஆடிக்குப் பிறகு எண்களெல்லாம் அழகாக இருந்தன. எழுபத்தெட்டு, எண்பது, எண்பத்திரண்டு. துண்டிப்பும் குறைந்திருந்தது. அப்பா மேடேறாமல் வீட்டோடு இருக்கிறார் என்று சந்தோஷப்பட்டு, பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

“நீதான அத்த செட் பண்ண,” என்றான் அன்பரசன். “போன்ல அழுத்துனா வாட்ச் கத்தும்னு சொன்னியே. போயி அழுத்து. டைம் ஆவுது.”

தப்பிக்க வழியில்லை. அவள் அடுப்படிக்குப் போனாள். அப்பாவின் போன் கொட்டாங்குச்சியில் இருந்தது. ஆப்பைத் திறந்தாள்.

முதலில் கண்ணில் பட்டது நேற்றைய கோடு. நாலரை மணி வரை சமமாகப் போன கோடு, நாலே முக்காலுக்குச் செங்குத்தாக ஏறியிருந்தது. நூற்று இருபது, நூற்று நாற்பது, நூற்று நாற்பத்தெட்டு. பக்கத்தில் மூன்று சிவப்புப் புள்ளிகள். மூன்று தரம் எச்சரிக்கை அனுப்பியிருக்கிறது. அரை மணி நேரத்துக்கும் மேலாக அப்பா துடித்திருக்கிறார். அந்த நேரத்தில் அவள் ஆபீசில் யாரோ வாங்கிவந்த மிளகாய் பஜ்ஜியைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய போன் பக்கத்திலேயே, சொன்னபடி, வாயை மூடிக்கொண்டு கிடந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகுதான் கவனித்தாள். கோடு அங்கே நின்றுவிடவில்லை. ஆறு மணிக்கு இறங்கி, ராத்திரி முழுக்க மேலும் கீழுமாகப் போய், காலையைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. மேலே ‘அப்பா’ என்று அவள் போட்ட பெயர், அதன் கீழே பச்சை எழுத்தில் ‘இணைக்கப்பட்டது’. அதற்கும் கீழே நூற்று நாலு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூற்று ஆறு ஆனது.

பந்தலில் ஐஸ் பெட்டிக்குள் அப்பா மாலையோடு படுத்திருப்பது ஜன்னலிலிருந்தே தெரிந்தது.

ஒரு கணம் அவளுக்குப் பைத்தியக்கார ஆசையெல்லாம் வந்து போனது. அடுத்த கணம் ரத்தம் தலைக்கேறியது. செத்தவன் கையிலிருந்து கழற்றி எவனோ கட்டிக்கொண்டிருக்கிறான், அதுவும் இந்த வீட்டுக்குள்ளேயே. ‘வாட்ச்சைக் கண்டுபிடி’ என்ற பொத்தானின் மேல் கட்டைவிரல் போய் நின்றது. அழுத்தினால் போதும், கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் எழவு வீட்டில், நூறு பேருக்கு நடுவில், யார் கையில் என்று தெரியாமல் அழுத்த மனசு வரவில்லை.

போனைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தாள். பந்தல் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆம்பளைகள் பக்கம் போனாள். மேளக்காரர்களைத் தாண்டியதும் துண்டித்துக்கொண்டது. திரும்பினாள், சேர்ந்துகொண்டது. ஐஸ் பெட்டி கொண்டுவந்த ஆள் வேன் மேல் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவன் பக்கம் போனாள், மறுபடி துண்டித்தது. அவன் இல்லை. வீட்டைச் சுற்றிக் கிணற்றடிக்குப் போனாள், வந்தாள். ஒவ்வொருவர் மணிக்கட்டாகப் பார்த்துக்கொண்டு போனவளுக்கு வியர்த்து ஊற்றியது.

“இன்னாடி இது,” என்று பச்சையம்மா அத்தை குரலை அடக்கி அதட்டினாள். “பெத்தவன் போயிட்டான், போன நோண்டினு சுத்துற. ஜனங்க இன்னா பேசுவாங்க. வந்து அம்மா பக்கத்துல குந்து.”

குந்தினாள். அம்மா காசியம்மா ஐஸ் பெட்டியின் தலைமாட்டில், இடது கையை முந்தானைக்குள் வைத்து மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து அவள் பெரிதாக அழவில்லை என்று ஊரில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நிவேதா போனை மடியில் வைத்துப் பார்த்தாள். நூற்று ரெண்டு.

அன்பரசன் வாசலில் வந்து நின்று கேட்டான்: “இன்னா நிவே, அழுத்துனியா இல்லியா? எங்க கீது அது?”

அம்மா விருட்டென்று நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். மடியில் எண் ஏறியது. நூற்றுப் பத்து. நூற்றுப் பதினெட்டு. நூற்று இருபத்தொன்று.

நிவேதா போனைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். முந்தானைக்குள் இருந்த கை இன்னும் உள்ளே போனது.

“டவர் போயிடுச்சிண்ணா,” என்றாள். “பாக்கறேன், இரு.” பிறகு அம்மாவின் தோளைத் தொட்டு, “வாம்மா, மூஞ்சி கழுவிக்கினு வருவ,” என்று எழுப்பினாள்.

வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த இடத்தில் யாரும் இல்லை. அம்மா தானாகவே முந்தானையை விலக்கினாள். கண்ணாடி வளையல்களுக்கு மேலே, கறுப்பு வாரில் அது உட்கார்ந்திருந்தது.

“எப்பத்துலருந்து மா?”

“ஆடிலருந்து.” அம்மா விறகைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “மேட்டுக்குப் போனா அது கையில கிர்ருனு ஆடுது. நீ ராத்திரில போன் பண்ணி கத்துவ, ஆஸ்பத்திரிக்கு வா, அட்மிட் பண்ணுன்னு. புள்ள அங்க வேல செய்யுதா, இத்தயே பாத்துனு கீதான்னு அவுருக்கு ஒரே ரோதன. ஒரு நாள் கழட்டி எங் கையில மாட்டிட்டாரு. உன் நெஞ்சு சொம்மா கல்லு மாரி கீது காசி, நீயே கட்டிக்கோ, புள்ள நிம்மதியா இருக்கும்னாரு. ஊருக்குள்ள போறப்ப மட்டும் வாங்கி கட்டினு போவாரு, ஷோக்குக்கு. நானும் சரின்னு…” வாட்ச்சைத் தடவினாள். “சிரிச்சிக்கினேதான் கட்டிக்கினேன் நிவேதா.”

அவள் மகிழ்ந்துபோன எழுபத்தெட்டும் எண்பத்திரண்டும் அம்மாவுடையவை. அப்பாவின் துடிப்பை நாலு மாதமாக யாருமே பார்த்திருக்கவில்லை.

“நேத்து டீ எடுத்துனு போறேன்,” என்றாள் அம்மா. “வரப்புல சாஞ்சி கீறாரு. கூப்புட்டா கண்ண மட்டும் தொறக்குறாரு. தூக்கவும் முடியல, உட்டுட்டு வரவும் முடியல. வூட்டாண்ட ரோட்டுக்கு ஓடியாந்தேன். ஒரு வண்டியும் நிக்கல. போன் பண்ணவும் தோணல. திரும்ப மேல ஓடுனேன். திரும்ப ரோட்டுக்கு ஓடியாந்தேன். ஆட்டோவோட போறப்ப எல்லாம் முடிஞ்சிடுச்சி.” முதல் தடவையாக மகளின் முகத்தைப் பார்த்தாள். “இது அவுரு கையில இருந்திருந்தா தண்ணி குடிக்க வூட்டுக்கு வந்தப்பவே உனுக்கு அடிச்சிருக்கும். நீ யாரையாவது அனுப்பி இருப்ப. நாந்தான சாவடிச்சிட்டேன்?”

நேற்றிலிருந்து நிவேதாவை அரித்துக்கொண்டிருந்த கேள்விக்கு இப்போது ஒரு வழி திறந்து கிடந்தது. பேசாமல் இருந்துவிட்டால் போதும். வாட்ச்சைக் கட்டிக்கொள்ளாதது அப்பா, கட்டிக்கொண்டது அம்மா. அவள் பேரில் ஒரு குற்றமும் இல்லை. ஊருக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. அந்த நிம்மதி வந்த வேகத்தில் அவளுக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது.

“அடிச்சிருக்காது மா,” என்றாள்.

“இன்னா சொல்ற?”

“நான் சத்தத்த ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன். சித்திரைலருந்தே. ஆபீஸ்ல தொல்லையா கீதுன்னு. அவுரு கையிலயே இருந்திருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது.” போனை அம்மா பக்கம் திருப்பினாள். “நேத்து நீ ஓடுனது எனக்கு வந்துச்சி மா. மூணு தபா வந்துச்சி. நான் பாக்கல.”

பந்தலில் மேளம் சூடு பிடித்தது. விறகுக்கட்டிலிருந்து ஒரு சிராய் அம்மாவின் புடவையில் ஒட்டியிருந்தது, அதைப் பிய்த்துக் கீழே போட்டாள்.

“உங்கண்ணன்கிட்ட சொல்லாத,” என்றாள் கடைசியில். எதை என்று சொல்லவில்லை. நிவேதாவும் கேட்கவில்லை.

அன்பரசன் விடுவதாக இல்லை. பாடையைக் கட்டிக்கொண்டிருக்கும்போதும் ஒருமுறை வந்தான்.

“பேட்ரி பூட்ச்சிண்ணா. ரிங் ஆவல,” என்றாள் நிவேதா. “கொல்லையில எங்கனா உழுந்து கெடக்கும். உட்டுடு.”

அவன் அவள் முகத்தையே பார்த்தான். எத்தனை பொய் பார்த்தவன் அவன், இது தெரியாமல் இருக்குமா. ஆனால் கண்கள் வீங்கி, வாட்ச் கிடைக்காததற்காகவே அழுதுவிடுவான்போல நின்றான். “அவுருக்கு நான் ஒண்ணுமே செய்யல நிவே,” என்றான். “அது ஒண்ணாச்சும் கட்டி அனுப்பலாம்னு பாத்தேன்.” தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான், பார்த்தான், பிறகு ஐஸ் பெட்டியைத் திறந்தபோது அதையே அப்பாவின் சட்டைப் பையில் குத்திவிட்டான். கையெழுத்துப் போட மட்டும் தெரிந்த மனிதர் பேனாவோடு கிளம்பினார்.

ரெண்டே கால் மணிக்கு எடுத்தார்கள். ஆம்பளைகள் மேளத்தோடு ஏரிக்கரைப் பக்கம் போனார்கள். பெண்கள் தெருமுனை வரை போய் நின்று, மாரடித்து, திரும்பினார்கள். வாசலைக் கழுவி விட்டார்கள். பச்சையம்மா அத்தை அம்மாவைக் குளிக்கவைக்கக் கிணற்றடிக்கு அழைத்துப் போனாள். ஓலைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் மாற்றுப்புடவையோடு நிவேதா நின்றாள். தடுப்புக்கு மேலே அம்மாவின் கை நீண்டது.

“தண்ணி பட்டா கெட்டுடும். புடி.”

தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது. ஆனாலும் வாங்கிக்கொண்டாள். வாட்ச்சின் அடிப்புறம் அம்மாவின் சூட்டோடு ஈரமாக இருந்தது. இன்னொரு கையில் அப்பாவின் போன். திரையில் ‘அப்பா’ என்ற பெயருக்குக் கீழே தொண்ணூற்றெட்டு என்று இருந்தது. அது அம்மாவுடையது என்று தெரிந்த பிறகும் மத்தியானத்திலிருந்து அவள் அந்த எண்ணைத்தான் பற்றிக்கொண்டு நின்றிருக்கிறாள். இப்போது எண் மறைந்தது. அந்த இடத்தில் இரண்டு சின்னக் கோடுகள் மட்டும் வந்தன. ஏரிக்கரையில் மேளமும் நின்றிருந்தது.

தடுப்புக்கு அப்பால் தலையில் தண்ணீர் விழும் சத்தம் குடம் குடமாகக் கேட்டது. அவள் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அம்மா புடவை மாற்றிக்கொண்டு, கூந்தல் சொட்டச் சொட்ட வெளியே வந்தாள். அத்தை வாளியை எடுக்கப் போன நேரம் பார்த்து, இடது கையை நீட்டினாள். நிவேதா துப்பட்டாவால் அந்த மணிக்கட்டைத் துடைத்தாள். வாரைச் சுற்றி இழுத்தாள். கடையில் போட்டிருந்த ஓட்டை எதுவும் அம்மாவின் மெல்லிய கைக்குப் பொருந்தவில்லை. கடைசி ஓட்டைக்கும் தள்ளி, கோணியூசியைக் காய்ச்சிக் குத்தியதுபோல் ஓரம் பொசுங்கிய ஓட்டை ஒன்று இருந்தது. கொஞ்சம் கோணல், அப்பாவின் கைவேலை. கொக்கியை அதில் மாட்டினாள்.

எண் வர நேரம் பிடித்தது. இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு கிணற்றடியிலேயே நின்றார்கள்.