பாதுகாப்புக்கு இருக்கட்டும்

சின்னவளுக்கு எதிலும் முழு நம்பிக்கை வந்ததில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். பூட்டு நன்றாகத்தான் இருக்கும். இப்படி இழுத்து இழுத்தே அது ஒருநாள் கையோடு வந்துவிட்டது. "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல" என்று அக்காவிடம் வெற்றிப் பெருமிதத்தோடு காட்டினாள்.

பகலில் அவளுக்கு ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் வேலை. அதே கிடங்கில், பெட்டி சுமந்து தானாக ஓடும் வண்டிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் ஓர் இடம் காலியாக இருந்தது. மாலை வகுப்பில் ரோபோ பாடத்தில் தேறினால் அந்த இடம் அவளுக்கு என்று மேலாளர் சொல்லியிருந்தார். தேறாவிட்டால் டேப். ஓய்வு பெறும் வரை டேப்.

தேர்வு, சொல்வதற்கு எளிது. தானாக ஓடும் வண்டி ஒன்றைச் செய்ய வேண்டும். அது இருபது கிலோ தண்ணீர்ப் பெட்டியைச் சுமந்து தாழ்வாரத்தில் நேராகப் போய், சக்கர நாற்காலிச் சரிவில் ஏறி, மேலே போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டி நிற்க வேண்டும். இரண்டு பேர் ஒரு குழு. எல்லாரும் ஜோடி சேர்ந்த பிறகு மிஞ்சியது அவளும் அக்கா கணவரும்தான். அவளைக் கொண்டுவந்து விடுகிற சாக்கில் மாமாவும் வகுப்பில் பெயர் கொடுத்திருந்தார்.

மாமா லிஃப்ட் மெக்கானிக். நாலு பேர் தொங்கும் கயிறு நாற்பது பேரைத் தாங்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் தர்மம். அதில் தப்பே இல்லை. அதை நம்பித்தான் நாம் பொத்தானை அமுக்குகிறோம். ஆனால் மாமா வீட்டில் துணிக்கொடி கட்டினாலும் அதே தர்மம்தான். அக்காவின் துண்டுகள் யானையைக் கட்டும் கம்பியில் காய்ந்தன.

"மாமா, இது தரையில ஓடுற வண்டி. எங்கேருந்து விழப்போவுது?" என்றாள் சின்னவள்.

"இன்னிக்குத் தரை. நாளைக்கு யாராவது மாடியிலேருந்து தள்ளிவிட்டா?"

"அப்ப பரீட்சை வைக்க மாட்டாங்க மாமா, போலீஸ் வரும்."

முறைப்படிதான் தொடங்கினாள். வண்டி இருபது கிலோ, சுமை இருபது, ஆக நாற்பது. எதற்கும் ஐம்பது என்று வைத்துக்கொண்டு, சரிவில் அவ்வளவையும் தள்ள எவ்வளவு விசை வேண்டும் என்று கணக்குப் போட்டு மோட்டார் வாங்கினாள். அதற்கேற்ற சக்கரம், அளவான பேட்டரி, லேசான அலுமினியச் சட்டம். சாப்பாட்டு மேஜையில் பலகையைச் சாய்த்து வைத்து ஏற்றிப் பார்த்தாள். ஏறியது. அங்கே நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோது ஒரு சந்தேகம் வந்தது. பாதி வழியில் பேட்டரி தீர்ந்துவிட்டால்? மறுநாளே இரண்டு மடங்கு பெரிய பேட்டரி வாங்கிப் பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்துவிட்டு வந்தாள். மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒரு வாரத்துக்குக் கேலி.

மாமாவுக்கோ அலுமினியத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கையால் வளைத்துப் பார்த்தார், வளைந்தது. அதை நிமிர்த்தப் பார்த்தார், நிமிரவில்லை. அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு மதியம் சட்டத்தைக் கழற்றிவிட்டு இரும்புக் கோணச் சட்டம் போட்டார். கட்டைவிரல் தடிமனில் போல்ட்டுகள். அடியில் ஒரு தகடு. மச்சினி கண்டுபிடிக்காமல் இருக்க எல்லாவற்றுக்கும் வெள்ளி பெயின்ட்.

அதன்பிறகு வண்டியைத் தூக்குவது மாமாவின் பொறுப்பாயிற்று. "நீ விடும்மா, நான் தூக்கறேன்" என்று முகம் சிவக்க முனகித் தூக்குவார். அந்த முனகலைக் கேட்கும்போதெல்லாம் தன் பேட்டரிதான் இப்படிக் கனக்கிறது என்று அவள் வாயைத் திறக்கவில்லை. தன் இரும்புதான் கனக்கிறது என்று அவரும் திறக்கவில்லை.

தேர்வன்று வாத்தியாருக்குக் கடும் ஜலதோஷம். சீக்கிரம் பூட்டிவிட்டுப் போனால் போதும் என்ற முகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு மேஜைக்கு எப்போது விடுதலை என்று தெரிந்துகொள்ள அக்காவும் வந்திருந்தாள்.

வண்டி தாழ்வாரத்தில் கம்பீரமாகப் போனது. சரிவில் ஏறியது. பாதியில் நின்றது. உறுமியது. சூடான வாடை வந்தது. பிறகு, மரியாதைக்குக் குறைவில்லாமல், மெதுவாகப் பின்னோக்கி இறங்கி வந்து பழைய இடத்தில் நின்றது. வகுப்பே சிரித்தது.

"இன்னொரு வாய்ப்பு இருக்கு" என்று வாத்தியார் மூக்கைச் சிந்தினார். "மத்தவங்க முடிக்கிற வரைக்கும் டைம்."

இருவரும் வண்டியைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"மாமா, ஒண்ணு சொல்லணும். பேட்டரி..."

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்று மாமா சாவியால் சட்டத்தைச் சுரண்டிக் காட்டினார். வெள்ளிக்கு அடியில் கறுப்பாக இரும்பு சிரித்தது.

அக்கா இடுப்பில் கைவைத்தாள். "ஒரே வீடு, ஒரே மேஜை. எதிரெதிர உக்காந்துகிட்டு ரெண்டு பேரும் திருட்டுத்தனம் பண்ணியிருக்கீங்க. கட்டின பொண்டாட்டி நான், என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"பெரிய மோட்டாரா போட்டா ஏறிடும்" என்றார் மாமா.

"பெரிய மோட்டாருக்குப் பெரிய பேட்டரி வேணும். அதைத் தாங்க இன்னும் தடியா இரும்பு வேணும். அப்புறம் இந்த வண்டியை ஏத்த உங்க லிஃப்ட்தான் மாமா வேணும்."

கணக்குப் போட நேரமில்லை. கணக்கில்லாமல் சின்னவள் ஒரு திருகைக்கூடத் தொட்டதில்லை. கண்ணெதிரே டேப் சுருள் உருண்டது. ஸ்பேனரை எடுத்தாள்.

"இந்த அடித்தகடு எதுக்கு?"

"அடியில கல்லு பட்டா..."

"தாழ்வாரத்துல எங்க மாமா கல்லு?" தகடு கழன்றது.

"குறுக்குச் சட்டம்?"

"பாதுகாப்புக்கு இருக்கட்டும்மா."

கழன்றது. போல்ட்டுகளில் ஒன்று விட்டு ஒன்று கழன்றன. ஒவ்வொன்றுக்கும் மாமா தன் பல்லைப் பிடுங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா எல்லாவற்றையும் பையில் வாங்கிப் போட்டாள். ஏற்கெனவே தேறிவிட்ட பேக்கரிக்காரரும் அவர் தம்பியும் தங்கள் சின்னப் பேட்டரியைக் கடன் கொடுத்தார்கள். கூடவே நிறைய அறிவுரையும். பேட்டரியை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"கடைசி வண்டி!" என்று வாத்தியார் கூப்பிட்டார்.

வண்டி இப்போது எலும்புக்கூடு மாதிரி இருந்தது. பெட்டியை ஏற்றியதும் ஒருமுறை முனகியது. தாழ்வாரத்தைக் கடந்து சரிவில் ஏறியது. பாதியில் தயங்கியது. சின்னவள் மூச்சை நிறுத்திக்கொண்டாள், அந்த எடையும் குறையட்டும் என்பதுபோல. எறும்பு மாதிரி ஊர்ந்து, உச்சிக்குப் போய், மஞ்சள் கோட்டைத் தாண்டி நின்றது.

வாத்தியார் பேனாவை எடுத்தார். "எத்தனை மடங்கு பாதுகாப்பு வச்சிருக்கீங்க?"

"தெரியல சார்."

மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வாத்தியார் ஒரு தும்மலோடு கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தும்மலுக்குத்தானோ என்னவோ, வண்டியின் இடது முன்சக்கரம் கழன்றது. அவசரமே இல்லாமல் சரிவில் உருண்டு இறங்கி, வகுப்பு மொத்தத்தையும் கடந்து போய் அக்காவின் செருப்பில் முட்டிச் சாய்ந்தது. மேலே வண்டி ஒரு மூலையில் மண்டியிட்டது.

அக்கா பைக்குள் கைவிட்டுத் துழாவி, சக்கரத்தை அச்சில் இறுக்குகிற திருகை எடுத்துக் காட்டினாள்.

"அதை நான் கழட்டலம்மா. சத்தியமா" என்றார் மாமா.

கழற்றியது யார் என்று சின்னவளுக்குத் தெரியும்.

வாத்தியார் சக்கரத்தைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "கோட்டைத் தாண்டினப்ப நாலு சக்கரமும் இருந்துச்சு. போங்க, பூட்டணும்" என்று தாளை நீட்டினார்.

"ஓடு, ஓடு, மனசு மாறுறதுக்குள்ள ஓடு" என்று அக்கா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். மாமா அதற்குள் வண்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, முனகாமல், வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

சின்னவள் தாளை ஒருமுறை படித்தாள். விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இன்னொரு முறை படித்தாள். பிறகு அக்காவின் பிடியை உதறிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"சார், தேதி போடலையே."