ஏலக்காய் டப்பாவில் ஒரு சிம்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. மறைப்பானேன்? 2007-இல் என் செல்போன் ‘மெமரி ஃபுல்’ என்று தினமும் உயிரை வாங்கியது. கடன்காரனுக்குப் பயந்தவன் மாதிரி ஓடிப்போய் ஒரு ஜிபி கார்டு வாங்கிப் போட்டேன். மறுநாளும் அதே பாட்டு. கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினம் கடைத்தெருவில், கார்டு விற்ற துரையிடமே போய்ச் சண்டை பிடித்தேன்.

“கார்டு காலியாத்தான் சார் கீது. ரொம்பிப் போனது போன் மெமரி. மெசேஜ்லாம் அங்கதான் போய்க் குந்தும். நீங்க கார்டு போட்டா அது எய்ந்து வந்துடுமா?”

சிம்மில் பெயரும் நம்பரும். கார்டில் பாட்டும் படமும். வருகிற மெசேஜ் எல்லாம் போனுக்குள். ஓர் அறை பிதுங்கி வழிந்தாலும் பக்கத்து அறைக்காரன் கதவைத் திறக்க மாட்டான். இதைப் பெட்டியின் மேலேயே எழுதித் தொலைத்தால் கம்பெனிக்காரன் குடியா முழுகிவிடும்?

அப்போது ஒரு பெண் மூச்சிரைக்க வந்து, ஒரு சிம்மைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்தாள். “அண்ணே, இதுல ஒரு மெசேஜ் வச்சிருந்தேன். தேடிக் குடுங்கண்ணே.” எனக்குச் சொன்னதையே துரை அவளுக்கும் சொன்னான். எனக்கு வந்தது கோபம். அவளுக்கு முகம் வெளுத்துப்போனது. நான் பார்த்தது அவ்வளவுதான், மீதியெல்லாம் என் கைவேலை.

2

‘கடல் இரைந்துகொண்டிருந்த அந்த மாலையில் ஜெனிட்டா’ —

வேண்டாம். கடலுக்கும் இவள் கவலைக்கும் என்ன சம்பந்தம்?

‘ஒரு போனும் இரண்டு சிம்மும் உள்ள வீடு அது.’ இது தேவலாம். அவளுக்கு ஜெனிட்டா என்று பெயர் வைத்தேன், புருஷனுக்கு ஜோயல். அவன் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் பகலில் போன் வீட்டில், அவள் சிம்மோடு. மாலையில் அவன் ஷிப்டு பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குள் அவள் தன் சிம்மைக் கழற்றிவிட்டு அவனுடையதை மாட்டிவைப்பாள். கழற்றிய சிம் ஏலக்காய் டப்பாவுக்குப் போகும். சிம்மை எடுத்தால் தன்னுடையது எல்லாமே கூட வந்துவிடும் என்பது அவள் நம்பிக்கை.*

* அவனுக்கு வந்த மெசேஜ்கள் பகலில் அவள் கண்ணில் படவில்லையா என்று கேட்பீர்கள். பட்டன. எல்லாம் ரிங்டோன் விளம்பரம். தனக்கு வந்ததாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பகலில் அந்த மெசேஜ் வந்தது. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு புது ஆபீஸில் கணக்கு வேலை, வெள்ளிக்கிழமை காலை இன்டர்வியூ. இடமும் பதிவு எண்ணும் அதில்தான் இருந்தன. பி.காம். படித்துவிட்டு ஐந்து வருஷம் சாம்பாருக்குப் புளி கரைத்தவளுக்கு முதல்முறையாக ஒரு வாசல் திறந்தது. அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. ஜோயலிடம் சொன்னால், “வூட்ட யாரு பாத்துக்கறது?” என்பான். அதற்குப் பயந்தே காகிதத்திலும் எழுதி வைக்கவில்லை.

வியாழக்கிழமை பகலில் சிம்மைப் போட்டுப் பார்த்தாள். இன்பாக்ஸ் துடைத்து விட்டாற்போல் இருந்தது. துரை கடைக்கு ஓடியது அப்போதுதான்.

3

இந்த ஜோயலை என்ன செய்வது என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. வில்லனாக்க மனம் வரவில்லை. சம்பளத்தன்று அவளுக்கு மிக்சர் பொட்டலம் வாங்கி வருகிறவன். (இது நல்லவன் என்பதற்கு அத்தாட்சியா? எழுதும்போது அப்படித்தான் தோன்றியது.) ஆகவே, தெரியாமல் அழித்துவிட்டான் என்றே முடிவுகட்டி, கீழ்க்கண்ட பேச்சை ஒரே மூச்சில் எழுதினேன்:

“ஏங்க, போன்ல இருந்த மெசேஜ்லாம் எங்க?”

“ஃபுல்லு ஃபுல்லுனு கத்திகினே இருந்துச்சு. பேஜாரு. நேத்து நைட்டு அல்லாத்தையும் அழிச்சி வுட்டேன். என் சிம்முதான போட்டுகினு இருந்தேன்? உன்னுது உன் சிம்முல இருக்கும் பாரு.”

“பாத்துட்டேங்க. ஒண்ணுமே இல்ல.”

“எனக்கு இன்னா ஜெனி தெரியும்? வுடு. இந்த வேலை இல்லாங்காட்டி இன்னொண்ணு. சோத்தப் போடு, பசிக்குது.”

ஜெனிட்டா நகரவில்லை.

4

முடிவுக்கு வருவோம் என்று உட்கார்ந்தேன்.

முடிவு ஒன்று: துரை ஒரு ஒயரைச் செருகி மெசேஜை மீட்கிறான். பொய். அந்தக் காலத்து போனில் போனது போனதுதான்.

முடிவு இரண்டு: விடிந்ததும் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறி, ஆபீஸ் ஆபீஸாக —

முடிவு மூன்று: புருஷனின் சொல்லில் தேறி, அடுத்த வேலைக்கு —

பேனா நின்றது. புருஷனின் எந்தச் சொல்லில்?

மேலே போய் மூன்றாம் பகுதியைப் படித்தேன். ‘மெசேஜ்’ என்றுதான் அவள் கேட்டாள். வேலை என்று அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அப்புறம் அது இவனுக்கு எப்படித் தெரிந்தது?

சத்தியமாகச் சொல்கிறேன், நான் திட்டம் போட்டு எழுதவில்லை. ஆறுதல் சொல்லட்டும் என்று அவன் வாயைத் திறந்துவிட்டேன், படுபாவி உளறிவிட்டான். படித்திருக்கிறான். படித்துவிட்டுத்தான் அழித்திருக்கிறான். ஒன்றை மட்டும் அழித்தால் தெரிந்துவிடும் என்று எல்லாவற்றையும் துடைத்திருக்கிறான்!

5

‘வுடு, அழாத’ என்று மாற்றிப் பார்த்தேன். ‘வுடு, போனா போவுது’ என்று மாற்றிப் பார்த்தேன். வரியையே அடித்தும் பார்த்தேன். ஜெனிட்டா அடுப்படி வாசலில் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அவள் காதில் விழுந்துவிட்டது. என் தாளில் அழித்து என்ன பயன்? அவள் மனதில் பதிந்தது வேறு இடம். நீங்கள் படித்துவிட்டீர்களே, அது இன்னொரு இடம். அங்கெல்லாம் என் கை எட்டாது.

தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான் ஜோயல். அவள் ஏலக்காய் டப்பாவைத் திறந்து தன் சிம்மை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

“எந்த வேலைங்க?” என்று கேட்டாள்.

ஜோயல் நிமிர்ந்தான். வாயைத் திறந்தான்.

இனி நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவனுக்குப் பரிந்து பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது.