தவளைக்குப் போன பேர்

என் புருஷன் கியெனின் கண்ணிமைக்குள்ளிருந்து டாக்டர் உருவி எடுத்த புழு, வெந்த சேமியா இழை போல வெள்ளையாகத் தட்டில் நெளிந்தது. தவளைக் கறியைப் பச்சையாகக் கண்ணில் வைத்துக் கட்டினீர்களா என்று கேட்டார். கட்டினோம். அவன் கண் சிவந்தபோது என் நாத்தனார் லுவா அக்கா, சூட்டை இழுக்கும் என்று வயல் தவளையை இடித்துக் கட்டிவிட்டாள். தவளைக்குள் இருக்கும் நாடாப்புழுக் குஞ்சு அப்படித்தான் கண்ணுக்குள் ஏறும், இன்னும் தாமதித்திருந்தால் பார்வையே போயிருக்கும் என்றார்.

இதோடு ஒழிந்தது என்று நினைத்தேன். எங்கே ஒழிந்தது? கியென் அந்தப் புழுவை ஒரு குப்பியில் கேட்டு வாங்கிவந்து தெரு முழுக்கக் காட்டினான். லுவா அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"எத்தன வருஷமா உள்ள கெடந்துச்சோ. என் தவளதான் இழுத்து வெளிய கொண்டாந்துச்சு."

டாக்டர் சொன்னதைத் தொண்டை வற்றச் சொன்னேன். யார் கேட்டார்கள்? கத்தி வைத்தது டாக்டர், பேர் தவளைக்கு. அக்கம்பக்கத்தில் கண் எரிச்சல்காரர்கள் எல்லாம் தவளை கேட்டு வர, அக்கா ஒரு வாளி நிறையப் பிடித்து வைத்துவிட்டாள்.

ஒரு நாள் என் மகள் தாவோ கண் சிவந்து பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். சொட்டு மருந்து வாங்கப் போய்த் திரும்பினால், தன் கண்ணில் டாக்டர் போட்ட கட்டோடு கியென் பிள்ளையை மடியில் பிடித்திருக்கிறான், அக்கா உரலில் தவளையை இடிக்கிறாள். இந்த மனுஷனுக்குப் பட்டும் புத்தி வரவில்லையே.

உரலைக் குப்பையில் கவிழ்த்தேன். வாளியிலிருந்த அத்தனையையும் வெட்டி, எலுமிச்சைப்புல்லும் மிளகாயும் போட்டு மொறுமொறுவென வறுத்து நடுவீட்டில் வைத்தேன்.

"தவளைக்கு இதான் வைத்தியம். தின்னுங்க."

தின்றார்கள். எலும்பை உறிஞ்சக் குனிந்த அக்காவின் முகத்தில் எப்போதும் விழுந்து கிடக்கும் முடி விலகியது. இமையில் ஒரு கட்டி. கியெனுக்குப் புழு ஆரம்பித்ததும் அப்படித்தான்.

"இது எப்பக்கா?"

"அவனுக்குக் கட்டுனன்னிக்கே. கறி மிச்சம் இருந்துச்சு, எனக்கும் கண்ணு எரிஞ்சுது, நானும் கட்டிக்கிட்டேன்."

திட்ட வாயெடுத்தேன். காலையில் முதல் பஸ்ஸில் டாக்டரிடம் கிளம்புங்கள் என்று மட்டும் சொன்னேன். தவளை இழுத்துவிடும் என்று அவள் சொல்லவில்லை. கையிலிருந்த எலும்பைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள்.

"ரொம்ப வலிச்சுதாடா?"

கியென் குப்பியை எடுத்துச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டான்.