தெரிந்தவரின் கையெழுத்து

அந்த வீட்டில் என் பெயர் ரீத்தா. வேலைக்குப் போன முதல் நாளே குகனேஸ்வரி என்று தெளிவாகத்தான் சொன்னேன். நான் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிற வீட்டுக்கார அம்மா இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, "ரீத்தா என்று வைத்துக்கொள்வோமே, நல்லதொரு புனிதையின் பெயர்" என்றாள். சம்பளம் ஒழுங்காக வந்தது. பெயருக்காகச் சண்டை பிடிக்கிற நிலைமையிலும் நான் அப்போது இல்லை. அவளுடைய மகன் தொம்மாசோவுக்கு அப்போது நாலு வயது. அவனுக்கு ஊட்டிவிட்டதும், காய்ச்சல் என்றால் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததும், மொண்டெல்லோக் கடலில் அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றதும் ரீத்தாதான்.

போன வருடம் எனக்கு இத்தாலியப் பிரஜாவுரிமை கிடைத்தது. சத்தியப்பிரமாணம் செய்தேன், வாக்காளர் அட்டையும் வீட்டுக்கு வந்தது. சிஞ்ஞோராவிடம் மட்டும் மூச்சு விடவில்லை. இனி இவள் சம்பளம் கூட்டிக் கேட்பாள் என்று நினைத்து வேறு ஆளைத் தேடிவிடுவாளோ என்று பயம். என் மனுசன் இராசரத்தினத்தின் பிரஜாவுரிமை விண்ணப்பம் இன்னும் அலுவலகத்தில் கிடக்கிறது. அது முடியும்வரைக்கும் வருமானம் காட்ட என் வேலை இருந்தாக வேண்டும்.

தொம்மாசோ படிப்பை முடித்துவிட்டு ஒரு கட்சியில் சேர்ந்தான். புதுக் கட்சி. நகரசபைத் தேர்தல் வந்ததும் எங்கள் ஆட்கள் குடியிருக்கிற ஒரேத்தோப் பக்கம் சுவரெல்லாம் அவர்களுடைய சுவரொட்டிதான். 'முதலில் யார் என்று காட்டு, பிறகு வாக்குப் போடு' என்று எழுதி, கறுத்த கை ஒன்று பெட்டிக்குள் காகிதம் திணிப்பதுபோல் படமும் போட்டிருந்தார்கள். யாருடைய கை என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

தேர்தலுக்கு முந்திய கிழமை அவர்களுடைய கூட்டம் சிஞ்ஞோரா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது. நான் கோப்பி கொண்டுபோய் வைத்தேன். என்னைக் கண்டு ஒருவரும் பேச்சை நிறுத்தவில்லை.

"ஒருத்தரையும் தடுக்கத் தேவையில்லை" என்று தொம்மாசோ சொல்லிக்கொண்டிருந்தான். "இலங்கைக்காரர்களுக்கு ஒரு அட்டையில் இருக்கிற குடும்பப் பெயர் மற்ற அட்டையில் இருக்காது. ஆளுக்கு ஒரு ஆட்சேபணை சொன்னால் போதும். காகிதம் என்றாலே அவர்களுக்கு நடுக்கம்."

நரைத்த தாடிக்காரர் ஒருவர் என்னைக் கண்ணால் காட்டி, "இவள்?" என்றார்.

"ரீத்தாவா? எங்கள் வீட்டு ஆள். அவளுக்கு வாக்கே இல்லை" என்றான் தொம்மாசோ. எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டிவிட்டு வந்தேன்.

அட்டைகளைப் பற்றி அவன் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது? கேட்டால் ஒருவர் அப்பாவின் பெயரைச் சொல்லுவார், ஒருத்தி புருசனின் பெயரைச் சொல்லுவாள், பதற்றத்தில் ஊர்ப் பெயரை எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. என் அடையாள அட்டையில் அப்பா நாகமணி குடும்பப் பெயராக இருக்கிறார். வாக்காளர் அட்டையில் குகனேஸ்வரி குடும்பப் பெயர், நாகமணி என் பெயர். அதை ஒரு பெரிய விசயமாக நான் நினைத்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து மனுசனிடம் சொன்னேன்.

"இந்த முறை நீர் போகாதையும்" என்றார். "என்ரை அலுவல் முடியட்டும். அதுக்குப் பிறகு எத்தினை தேர்தல் வரும்."

"இப்ப பயந்து வீட்டிலை இருந்தா, அடுத்த முறையும் இருக்கச் சொல்லுவினம். நான் போகத்தான் போறன்."

"தொம்மாசோ அங்கை நிப்பான் எண்டுறீர்."

"நிக்கட்டும். எங்கடை நிலையத்துக்கு அவன்தான் கட்சிப் பிரதிநிதி எண்டு மேசையிலை கதைச்சவை. நான் வளர்த்த பிள்ளை. என்னைக் கண்டா வாய் திறக்க மாட்டான்."

அந்த நம்பிக்கையில்தான் தெருவில் வாக்கு உள்ள எல்லோருக்கும் போன் எடுத்தேன். சேர்ந்து போவோம், முதல் ஆளாக நான் போகிறேன், என்னை விட்டால் உங்களையும் விடத்தான் வேணும் என்றேன். தனியே போகப் பயந்தவர்கள்கூட வாறம் என்றார்கள்.

ஞாயிறு காலை, வாக்களிப்பு நடந்த பள்ளிக்கூட நடையில் எங்கள் ஆட்களின் வரிசை நீண்டு நின்றது. எனக்குப் பின்னால் ஜெனனி, இங்கேயே பிறந்த பிள்ளை, முதல் வாக்கு. அவளுக்குப் பின்னால் சாப்பாட்டுக்கடையில் வேலை செய்கிற சூசைதாசன். கலியாண வீட்டுக்கு வந்ததுபோல் கதையும் சிரிப்புமாக இருந்தது. ஆனால் வகுப்பறை வாசலில், தேர்தலோடு சம்பந்தமில்லாதவர்போல, அந்தத் தாடிக்காரர் சுவரில் சாய்ந்து நின்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு மெல்லக் குறைந்தது.

நான் உள்ளே போனேன். நிலையத் தலைவி கண்ணாடி போட்ட, களைத்துப்போன ஒரு ரீச்சர். அட்டை இரண்டையும் வாங்கி மேசையில் வைத்தாள். அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் மார்பில் கட்சி அட்டையோடு தொம்மாசோ. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, அட்டைகளைத்தான் பார்த்தான்.

"ஆட்சேபணை" என்றான். "குடும்பப் பெயர் ஒன்றில் நாகமணி, மற்றதில் குகனேஸ்வரி."

பிறகுதான் நிமிர்ந்தான்.

"ரீத்தா?"

தலைவியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "உங்களுக்கு இவரைத் தெரியுமா? அப்படியென்றால் நல்லது. சந்தேகம் வந்தால், தெரிந்த ஒருவர் இவர்தான் ஆள் என்று கையெழுத்து வைக்கலாம். சட்டத்தில் இடம் இருக்கிறது." அவன் முன்னால் பேனையை வைத்தாள்.

தொம்மாசோவின் காது சிவந்தது. சின்ன வயதில் பொய் சொல்ல முதல் அப்படித்தான் சிவக்கும். தாடிக்காரர் வாசலிலிருந்து ஓரடி உள்ளே வந்து நின்றார். கையெழுத்தை வைத்துவிடுவான் என்று எனக்கு அப்போதும் நிச்சயம்.

"ரீத்தா என்பவரை எனக்குத் தெரியும்" என்றான். "எங்கள் வீட்டில் வேலை செய்கிறார். குகனேஸ்வரி நாகமணி என்று ஒருவரை எனக்குத் தெரியாது."

என் முழுப் பெயரையும் ஒரு தடங்கல் இல்லாமல் சொன்னான். இத்தனை வருடமாக அவன் அம்மாவுக்கு வராத பெயர். அவனுக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது. எனக்கு வந்தது அழுகை அல்ல, ஆத்திரம்.

தலைவி பேனையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "அப்படியென்றால் இது யாருடைய அட்டை?"

"என்னுடையது. அவர்கள் வீட்டில்தான் என்னை ரீத்தா என்று கூப்பிடுவார்கள்."

"வேறு பெயரில் வேலை செய்கிறீர்களா?"

அந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னாலும் பிழை. மூலையில் நின்ற பொலிஸ்காரர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். அட்டை இரண்டையும் சரிபார்க்க வேண்டுமாம், அதுவரைக்கும் அவரிடமே இருக்குமாம், நாளை மத்தியானம்வரைக்கும் வாக்களிப்பு இருப்பதால் அதற்குள் தெளிவானால் வந்து வாக்குப் போடலாமாம். முகவரி கேட்டார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், அவர்களிடம் என்ன காகிதம் இருக்கிறது என்று கேட்டார். நான் இராசரத்தினத்தின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

வெறுங்கையோடு வெளியே வந்தேன். வரிசை முழுவதும் என் முகத்தைப் பார்த்தது.

"போட்டாச்சே அன்ரி?" என்றாள் ஜெனனி.

"நீங்கள் போங்கோ. பயப்பிட ஒண்டுமில்லை."

"உங்கடை அட்டை ரெண்டும் எங்கை அக்கா?" என்று சூசைதாசன் கேட்டான்.

அவன் என் கையைப் பார்த்தான், வாசலில் நின்ற பொலிஸ்காரரைப் பார்த்தான். "எனக்கு வேலைக்கு நேரமாகுது, பிறகு வாறன்" என்று வரிசையை விட்டு விலகினான். அவனுக்குப் பின்னால் நின்ற தாயும் மகளும் விலகிப் போனார்கள். பிறகு ஒவ்வொருவராக. கூப்பிட்டுக்கொண்டு வந்தவள் நான். நான் சொன்னபடியால்தான் வந்தார்கள்.

ஜெனனி மட்டும் நின்றாள். "என்ரையையும் வாங்கி வைப்பினமே அன்ரி? அம்மா இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோவை இப்பதான் புதுப்பிக்கக் குடுத்திருக்கிறம்."

"வாங்க மாட்டினம்" என்றேன். என் குரலை எனக்கே நம்ப முடியவில்லை. அவள் அட்டைகளைக் கைப்பைக்குள் வைத்து, இழுத்துப் பூட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.

உள்ளேயிருந்து "அடுத்தவர்" என்று கூப்பிட்டார்கள். ஒருவரும் இல்லை. தொம்மாசோ வாசலுக்கு வந்து வெறும் நடையை நீளத்துக்குப் பார்த்தான். தாடிக்காரர் அவன் தோளில் தட்டினார். அவன் என் பக்கத்தில் வந்து, வீட்டில் பேசுகிற அதே மெல்லிய குரலில் கேட்டான்.

"நாளைக்கு வழக்கம்போல வருவாய்தானே, ரீத்தா?"

கன்னத்தில் ஒன்று கொடுக்க வேண்டும்போல் இருந்தது. அவனுக்குப் பின்னால், பொலிஸ்காரர் இராசரத்தினத்தின் பெயர் எழுதிய தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"வருகிறேன்" என்றேன்.