மஞ்சள் அட்டைக் கூண்டுகள்

தம்பி அக்காவை எலி டாக்டர் என்றுதான் கூப்பிடுவான். அக்கா டாக்டர் இல்லை. ஆய்வுக்கூடத்தில் எலிகளை எடை போட்டு, கூண்டு கழுவி, தீனி வைப்பவள். அவள் வேலை முடிந்து வந்தால் கட்டிலில் படுத்தபடியே, நோயாளிகள் எல்லாம் சுகமா என்று விசாரிப்பான்.

நோயாளி அவன்தான். குடல் முழுக்கப் புண். வேலியே பயிரை மேய்ந்த கதையாக, உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே குடலைக் குதறிக்கொண்டிருந்தது. மாத்திரைகள் பலிக்கவில்லை. பெருங்குடலை எடுத்துவிட்டு வயிற்றோடு ஒரு பை பொருத்திவிடலாம், தள்ளிப்போட வேண்டாம் என்றார் மருத்துவர். பை என்ற பேச்சை எடுத்தாலே தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான்.

அக்காவின் ஆய்வுக்கூடத்தில் அந்த நோய்க்குத்தான் மருந்து தேடினார்கள். குடிக்கிற தண்ணீரில் ஒரு பொடியைக் கலந்து வைத்தால் எலிக்குக் குடல் புண்ணாகும். பிறகு எதிர்ப்பு சக்தியில் வெறிபிடித்த பகுதியை மட்டும் அடக்கும் ஊசி. ஊசி போட்டவற்றின் கூண்டில் மஞ்சள் அட்டை, வெறும் உப்புநீர் போட்டவற்றின் கூண்டில் வெள்ளை அட்டை. எலிகள் தேறினால் அடுத்து மனிதர்களுக்குப் போட்டுப் பார்ப்போம் என்று ஆய்வை நடத்தும் மேடம் சொன்னதை அக்கா வீட்டில் வந்து சொன்னாள். தம்பி எழுந்து உட்கார்ந்தான்.

மஞ்சள் அட்டை எலி ஒன்று முதுகு கூனி மூலையில் ஒடுங்கியதைப் பார்த்தபோது அவளுக்குத் தம்பியின் கட்டில்தான் ஞாபகம் வந்தது. தீனியைத் தண்ணீரில் குழைத்து, கூழாக்கி, அதன் மூக்குக்கு முன்னால் வைத்தாள். மறுநாள் மற்ற மஞ்சள் கூண்டுகளுக்கும். வெள்ளைக் கூண்டுகளுக்கு வைக்கத் தோன்றவில்லை. தோன்றவில்லையா, வேண்டாமென்று விட்டாளா என்பது அவளுக்கே தெரியாது.

மஞ்சள் எலிகள் எடை கூடின. மேடம் கேக் வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தார். தம்பி ஆபரேஷனைத் தள்ளிப்போட்டான். அம்மா தயங்கியபோது, அக்கா கண்ணால் பார்த்ததைவிட டாக்டர் பேச்சு பெரிதா என்று அடக்கிவிட்டான். அக்காவும் தலையாட்டினாள்.

அவள் காய்ச்சலில் படுத்திருந்த நாட்களில் மேடம் அதே சோதனையை இன்னொரு முறை செய்தார். மஞ்சளும் வெள்ளையும் ஒன்றுபோல மெலிந்தன. திரும்பிவந்து அந்தக் கூண்டுகள் முன் நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த முறை யாரும் கூழ் வைக்கவில்லை. முன்பு அவள் வைத்த கூழிலேயே தண்ணீர் இருந்தது. அதைத் தின்ற எலிகள் பொடி கலந்த தண்ணீரை அதிகம் குடிக்கவில்லை. குடல் அவ்வளவாகப் புண்ணாகவே இல்லை. குணமானது ஊசியால் அல்ல.

மேடத்திடம் அன்றே சொல்லிவிட்டாள். அவர் திட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, முதல் சோதனையின் எடைக் கணக்கைக் குறுக்கே அடித்தார். தம்பியிடம் சொல்ல வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். வெள்ளிக்கிழமையே அவன் குடலில் ஓட்டை விழுந்துவிட்டது.

அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். அவன் பயந்த பை வயிற்றில் இருந்தது. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார் மருத்துவர். கண் திறந்தவன் உதட்டை அசைத்தான். எலிகளைத்தான் கேட்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. கூழ் வைத்ததிலிருந்து எல்லாவற்றையும் அவன் காதருகே குனிந்து சொன்னாள்.

அவன் சிரிக்கப் பார்த்தான்.

"போக்கா. நான் மருந்துக்காகவா ஆபரேஷனைத் தள்ளிப்போட்டேன்? பைக்குப் பயந்து தள்ளிப்போட்டேன். உன் எலி எனக்கு ஒரு சாக்கு."

"நெசமாவா?"

"நெசமா. பாவம், கூழாவது தின்னுச்சே."

அதன்பின் அவன் பேசவில்லை. மறுநாள் போய்விட்டான்.

அக்கா இப்போதும் எலிகளை எடை போடுகிறாள். எல்லாக் கூண்டிலும் ஒரே தீனி, ஒரே தண்ணீர். அட்டை நிறத்தைப் பார்க்காமல் இருக்க அட்டையைத் திருப்பி வைத்துவிட்டே கூண்டைத் திறக்கிறாள். தம்பி சொன்னது உண்மையாக இருக்கலாம். ஆனால் அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இவள் உடைத்த பாத்திரத்துக்கெல்லாம், நான்தான் உடைச்சேன் என்று அம்மா முன்னால் போய் நிற்பான்.