ஆயுத பூஜைத் தூக்கம்

விமானத்துக்குள் இரண்டு வரிசை நாற்காலிகளைக் கூடுதலாகத் திணித்தவர் சந்திரசேகரன்தான். திணித்தது என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "ஒழுங்கு பண்ணினேன்" என்பார். பெங்களூரில் அப்போது புதிதாக முளைத்திருந்த ஒரு தனியார் விமானக் கம்பெனியில் அவர் இன்ஜினியர். வரிசைக்கு வரிசை இரண்டு விரற்கடை இடத்தைப் பிடுங்கிச் சேர்த்தால் பன்னிரண்டு பேர் கூடுதலாக உட்காரலாம் என்று கண்டுபிடித்தவர்.

சோதித்துப் பார்க்காமலா செய்தார்கள்? பார்த்தார்கள். அதற்கு நாள் குறித்ததில்தான் கோளாறு. ஆயுத பூஜையன்று, விமானம் நிறுத்துகிற ஹாங்கர் கொட்டகையின் தரையில் நாலு வரிசையைப் புது அளவில் பூட்டி, ஒவ்வொரு நாற்காலிக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்து, கேன்டீனில் பிசிபேளே பாத்தையும் ஹோளிகே என்கிற கன்னடத்துப் போளியையும் ஒரு பிடி பிடித்துவிட்டு ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். அந்த வயிற்றோடு மனிதனைக் கருங்கல்லில் உட்கார வைத்தாலும் தூங்குவான். கொஞ்ச நேரத்தில் நாலு வரிசையும் குறட்டை விட்டது.

மேனேஜர் கோவிந்தப்பாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "நோட்ரீ சந்திரசேகர்! எப்டி தூங்றாங்க பாருங்க. கம்ஃபர்ட்டுக்கு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

சந்திரசேகரனுக்கும் அதே எண்ணம்தான். ஒரு விமானம் அப்படியே மாறியது. அடுத்ததையும் அதே அளவில் முடித்துவிட்டால் பிரிவுக்கே தலைவர் அவர்தான் என்று கோவிந்தப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

மாற்றிய விமானத்தின் முதல் பயணத்தில் டெல்லி போய்வர அவருக்கும் மனைவி சாந்தகுமாரிக்கும் கம்பெனி டிக்கெட் தந்தது. அவளுக்கு அதுதான் முதல் விமானம். பெங்களூர் அடுகோடியில் இருந்த அவர்கள் வீட்டு மாடியில் துணி உலர்த்தப் போனால், தலைக்கு மேல் போகிற விமானம் மறையும்வரை ஈரத் துணியும் கையுமாக நிற்கிறவள். மேலே போனால் மேகம் கீழே தெரியுமாமே என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு புறப்பட்டாள்.

சாந்தகுமாரி நல்ல உயரம். கல்யாணத்தில் மாலை மாற்ற மாப்பிள்ளையை மணைமேல் ஏற்றித்தான் நிறுத்தினார்கள். சொந்தக்காரர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சந்திரசேகரனுக்கு அது பழகிப் பழகி மறந்தே போய்விட்டது. எவ்வளவு தூரம் மறந்திருந்தார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜன்னலோரத்தில் அவளை உட்கார வைத்தார். முழங்கால் முன் நாற்காலியில் இடித்தது. நேராக உட்கார இடமில்லை. கால்களை அவர் பக்கம் சாய்த்து ஒருக்களித்து உட்கார்ந்தாள். இடம் கிடைத்தது, ஆனால் முதுகு ஜன்னலுக்குத் திரும்பிவிட்டது. அவள் ஆசைப்பட்ட மேகமெல்லாம் அவள் முதுகுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"வெளில பாக்கலையா சாந்தா?"

"பாக்குறேன் பாக்குறேன். நீங்க டிஃபன் சாப்டுங்க."

"கால் இடிக்குதா?"

"அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிப்பேங்க. நீங்க போட்ட சீட்டாச்சே, நல்லாத்தான் இருக்கு."

சந்திரசேகரனுக்கு இட்லி இறங்கவில்லை. இந்த அட்ஜஸ்ட்டை எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்! வாடகை வீட்டுச் சமையல் மேடை தாழ்வு என்று குனிந்தே சமைக்கிறாள். குளியலறை நிலைக்குத் தலையைத் தாழ்த்துகிறாள். போட்டோ எடுக்கும்போது அவருக்காக முழங்காலை லேசாக மடக்கி நிற்கிறாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. டெல்லியில் இறங்கும்போது கால் மரத்துப்போய் அவள் எழுந்திருக்கவே திணறினாள். கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

ஊர் திரும்பியதும் நேரே கோவிந்தப்பாவிடம் போய் நின்றார்.

"சார், ரெண்டாவது பிளேன் வேலைய நிறுத்தணும். நம்ம டெஸ்ட் தப்பு."

"என்ன ரீ இது? எல்லாரும் தூங்கினாங்கல்ல?"

"தூங்க வெச்சது ஹோளிகே சார், சீட்டு இல்ல."

கோவிந்தப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "அப்போ உங்க போஸ்ட்டு? மேல நான் என்ன சொல்றது?"

"அது போனாப் போகட்டும் சார். இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணலாம். சாப்பாட்டுக்கு முன்னாடி."

கோவிந்தப்பா அரைமனசாகத்தான் சம்மதித்தார். மறுநாள் காலையில் உயரமானவர்கள், பருமனானவர்கள் என்று பார்த்துப் பார்த்து ஆள் பிடித்தார்கள். முதலில் உட்கார்ந்தது சாந்தகுமாரி. ஹாங்கரில் அத்தனை ஆண்கள் நடுவே கூச்சத்தோடு ஒருக்களித்தாள்.

"நேரா உக்காரு சாந்தா."

நேராக உட்கார்ந்தாள். இடித்தது. இரண்டு மெக்கானிக்குகள் முன் வரிசையைத் துளி தள்ளினார்கள். "போதுங்க, அட்ஜஸ்ட் பண்ணிப்பேன்" என்றாள். அவர்களும் ஸ்பானரை எடுத்து முடுக்கப் போனார்கள்.

"அவங்க சொல்றதக் கேக்காதீங்கப்பா," என்றார் சந்திரசேகரன். "முழங்காலப் பாருங்க."

மறுபடி தள்ளினார்கள். மறுபடி போதும் என்றாள். கோவிந்தப்பா பெருமூச்சு விட்டார். சந்திரசேகரன் தானே குனிந்து, அவள் முழங்காலுக்கும் முன் நாற்காலிக்கும் நடுவே தன் கையை விட்டுப் பார்த்தார். கை தாராளமாகப் போய் வரும்வரை தள்ளச் சொன்னார். புதிதாகச் சேர்த்த இரண்டு வரிசையும் அதோடு போயிற்று, பதவியும்தான்.

சாந்தகுமாரி கால் நீட்டி, முதுகைச் சாய்த்து, ஜன்னல் இருக்க வேண்டிய பக்கம் மெல்லத் திரும்பினாள். அங்கே ஹாங்கர் சுவர்தான் இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப மேகம் தெரியுதுங்க" என்றாள்.