எல்லைக் கோட்டு வால்வுகள்

மார்ச் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, குடிநீர் வாரியக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், வரைபடப் பிரிவின் கணினி ஒன்று நாற்பத்தொரு நிமிடங்களில் இருநூற்றுப் பன்னிரண்டு வார்டு வரைபடங்களைத் தயாரித்தது.

அதுவரை அந்த வேலைக்கு நான்கு ஒப்பந்த ஊழியர்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. வார்டைத் திறக்க வேண்டும், குழாய்களையும் வால்வுகளையும் அதில் கொண்டுவர வேண்டும், தலைப்பைத் தட்ட வேண்டும், பிடிஎஃப் ஆக்க வேண்டும். பிறகு அடுத்த வார்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தச் செக்குமாட்டு வேலை. நால்வரில் இளையவளுக்குப் பிரிவில் சுண்டெலி என்று பெயர். அடுத்த மேசை அவளுடைய அண்ணியுடையது; அவளும் அந்த நால்வரில் ஒருத்தி. அவளை இங்கே சேர்த்துவிட்டவளும் அண்ணிதான்.

ஐந்து மாதம் சாப்பாட்டு இடைவேளைகளில், டப்பாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இணையத்தில் பாடம் பார்த்துப் பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டாள் சுண்டெலி. வரைபடங்களைத் தானாக வரைய அவள் எழுதி முதலில் ஓட்டிய ஸ்கிரிப்ட் இருநூற்றுப் பன்னிரண்டு தாளிலும் ஒரே வார்டை வரைந்து தள்ளியது.

அண்ணி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "என்னடி, ஊர் முழுக்க ஒரே வார்டுதானா? தேர்தல் செலவு மிச்சம்."

ஜனவரியில் ஒருவழியாக எல்லாம் சரியாக வந்தது. சுண்டெலிக்குச் சந்தோஷத்தை விடப் பயம்தான் அதிகம். மார்ச் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. ஒரே ஆள் போதும் என்று தெரிந்தால் முதலில் கழிக்கப்படுவது கடைசியில் சேர்ந்தவள்.

"நாலு பேருக்கும் நீட்டிப்பு ஆர்டர் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க அண்ணி. அப்புறம் நானே சார்கிட்ட சொல்றேன்."

"எனக்கென்ன பைத்தியமா? ஒரு காப்பி மட்டும் கொடு, நானும் கத்துக்கறேன்."

கொடுத்தாள்.

அந்தத் திங்கட்கிழமை பிரிவுத் தலைவர் எல்லாரையும் அண்ணியின் மேசையைச் சுற்றி நிற்கவைத்தார். திரையில் தாள்கள் ஒவ்வொன்றாகப் பிறந்துகொண்டிருந்தன.

"வீட்டு வேலைக்கு நடுவுல தனியா உக்காந்து எழுதியிருக்காங்க. கை தட்டுங்கப்பா."

தட்டினார்கள். சுண்டெலியின் கையும் தட்டியது. அண்ணி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

படிக்கட்டில்தான் அவளைப் பிடிக்க முடிந்தது.

"ஏன் அண்ணி?"

"உங்க அண்ணனுக்கு வேலை போய் ரெண்டு மாசம் ஆச்சு. வீட்ல ஒருத்தருக்காவது இங்க வேலை நிலைக்க வேண்டாமா? யார் பேர்ல இருந்தா என்ன, ஒரே வீடுதானே."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டாள் என்பது இருவருக்கும் தெரியும்.

மறுநாள் அச்சடித்து வந்த கட்டைப் புரட்டியபோது தொண்ணூற்றாறாம் வார்டில் அவள் விரல் நின்றது. பெரிய சாலையின் வால்வைக் காணோம். அடுத்த வார்டின் தாளிலும் இல்லை. சாலையின் நடுவேதான் வார்டு எல்லை ஓடுகிறது; வால்வு சரியாக அந்தக் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வார்டுக்கு உள்ளே இருப்பதை மட்டும் எடு என்று ஸ்கிரிப்ட் சொல்வதால் இரண்டு வார்டுமே அதைக் கைவிட்டிருந்தன. இந்தப் பிழையைப் பிப்ரவரியிலேயே கண்டுபிடித்து, ஒவ்வொரு வார்டையும் பத்து மீட்டர் அகலப்படுத்தித் தேடும்படி தன் பிரதியில் மாற்றியிருந்தாள். அண்ணியிடம் இருந்தது ஜனவரிப் பிரதி.

எண்ணிப் பார்த்தாள். முப்பத்தெட்டு வால்வுகள்.

சும்மா இருந்தால் போதும், அண்ணியின் சாயம் வெளுத்துவிடும். ஆனால் அது வெளுப்பதற்கு எங்காவது குழாய் வெடிக்க வேண்டும். மூடுவதற்கு வால்வு எங்கே என்று பழுதுபார்ப்பவர்கள் இந்தத் தாளை வைத்துக்கொண்டு தேட வேண்டும், அதற்குள் தெருத் தண்ணீர் வீடுகளுக்குள் ஏறியிருக்கும். கட்டைத் தூக்கிக்கொண்டு தலைவரின் அறைக்குப் போனாள். அவர் அண்ணியைக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது?"

அண்ணி தாளைப் பார்த்தாள், பிறகு சுண்டெலியை. "அந்த வால்வுப் பகுதியை மட்டும் இவகிட்ட கொடுத்திருந்தேன் சார். புதுசு இல்லையா, சின்னப் பொண்ணு. நான்தான் சரிபாத்திருக்கணும்."

சுண்டெலி மேசையருகே வந்தாள். "சார், வால்வு மட்டும் இல்ல. முதல் வரியிலிருந்து எல்லாமே நான் எழுதினது."

தலைவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "அண்ணியைக் காப்பாத்த மொத்தப் பழியையும் நீயே தூக்கிக்கிறியா? இந்தக் காலத்துல இப்படி ஒரு நாத்தனாரா! போம்மா, போய்த் திருத்து."

அண்ணி நாற்காலியைக் காலி செய்து கொடுத்தாள். சுண்டெலி உட்கார்ந்து இரண்டு வரிகளை மாற்றினாள். முப்பத்தெட்டு வால்வுகளும் தாளுக்கு வந்தன.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி மாலை ஆணை வந்தது. அண்ணி தொழில்நுட்ப உதவியாளராக நியமிக்கப்பட்டாள். மற்ற மூவரின் ஒப்பந்தமும் நீட்டிக்கப்படவில்லை.